கயிற்றுத் தடம் இல்லாத படம்

அன்று காலை எங்கள் வாசலில் இருந்தவர்கள்: இந்தத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற பொன்னையா ஆகிய நான், என் மனைவி ராக்காயி, கொழும்பிலிருந்து ஒரு மாத லீவு போட்டு வந்திருந்த மகன் ஜெயகாந்தன், அவன் மனைவி ஷாமிலா, கொட்டகலையில் டீச்சராக இருக்கிற, கல்யாணத்துக்கு நிற்கும் என் மகள் தனுஜா, கொட்டகலை பஜாரிலிருந்து கமராவோடு வந்த கிஷாந்த். அடுத்த வீட்டுச் சோலைமலையும் இருந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. அவரை எதற்கும் யாரும் அழைப்பதில்லை. அவர் எதையும் தவறவிட்டதுமில்லை.

விடிகாலையில் பெரட்டுக்களத்தில் நின்று வேலையாட்களின் பேரை வாசித்துப் பழகியவன் நான். யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு வருகிற பொய்களில் பாதியாவது குறையும்.

படம் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானுஓயாவிலிருந்து தனுஜாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் பேர் கஜேந்திரன், அங்கே ரயில்வே ஸ்டேஷனில் டிக்கட் கொடுக்கிற வேலை. பெண்ணின் படம் மட்டும் போதாது, வீட்டு ஆட்களோடு நிற்கிற படம் வேண்டும் என்று பையனின் தாய் சொல்லியனுப்பியிருந்தாள். நியாயமான கேள்விதான். பெண்ணைக் கட்டுகிறவன் அவள் குடும்பத்தையும் சேர்த்துத்தான் கட்டுகிறான். அந்தக் கஷ்டத்தை முன்கூட்டியே பார்த்துவைக்க அவனுக்கு உரிமை உண்டு.

இதற்கு முன் கொழும்பிலிருந்து ஓர் இடம் வந்தது. அவர்களுக்கு ஜெயகாந்தன் போனில் எடுத்த படத்தை அனுப்பினான். "அம்மா கொழுந்து எடுத்தவங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்தது. ஆமாம் என்று பதில் போனது. அதற்குப் பிறகு அந்த நம்பரிலிருந்து தீபாவளி வாழ்த்துக்கூட வரவில்லை.

தனுஜாவுக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. நானுஓயாப் பேச்சு வந்த அன்று என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, இந்த எடம் எனக்குப் புடிச்சிருக்கு. இவங்களும் படத்தப் பாத்துட்டுப் பேசாமப் போயிட்டா, இனிமே நான் எந்தப் படத்துக்கும் நிக்க மாட்டேன். ஐடென்டி கார்டுக்குக்கூட."

என் மகள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று ராக்காயி அடிக்கடி கேட்பாள். எனக்குத் தெரியாது.

ஆகவே ஷாமிலாவின் திட்டத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஷாமிலா படம் எடுத்துக்கொள்வதைப் பற்றிப் போனில் பார்த்துப் பார்த்து, ஏறக்குறைய ஒரு பட்டமே வாங்கியிருந்தாள். அவளுக்கு நல்ல பக்கம் இடது பக்கமாம். எனக்கு எது நல்ல பக்கம் என்று அரைமணி நேரம் சுற்றிவந்து பார்த்தாள். கடைசியில் ஒன்றும் சொல்லவில்லை.

"கமரா கொஞ்சம் மேல இருந்து பாக்கணும் மாமா. அப்பதான் ரெட்டத் தாடை தெரியாது. நேரா நிக்காதீங்க. ஒரு தோளை முன்னுக்குப் போட்டு, லேசா சாஞ்சு நில்லுங்க."

"ஏம்மா, எனக்கு இடுப்புல வலியா?"

"படத்துக்கு மாமா!"

ஐந்து துரைமார் முன்னால் சாயாதவன் நான். கொட்டகலைக் கமராவுக்கு முன்னாலும் சாயவில்லை. ஆனால் என் மகன் சாய்ந்தான். சாய்ந்ததோடு நிற்காமல், தாய் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் வயிற்றை முழுசாக ஒளித்துக்கொண்டான். அந்த நாற்காலிக்குப் பின்னால் என் மகனில் சரிபாதி காணாமல் போனது.

கிஷாந்த் ஒரு வெள்ளைக் குடையை விரித்து வைத்தான். மழைக்கல்ல, வெளிச்சத்துக்காம். முப்பது வயதிருக்கும் மனிதன், என்னை அங்கிள் என்றான்.

"அங்கிள், கொஞ்சம் சிரிங்க."

"என்னத்துக்கு?"

"சும்மா அங்கிள்."

"சும்மா சிரிக்கிறவனுக்கு இந்தப் பக்கம் வேற பேரு தம்பி."

வேலியோரம் நின்ற சோலைமலை விடுவாரா? "கிஷாந்து, வீண் முயற்சி பண்ணாத. கணக்கப்புள்ள சிரிச்சத இந்தத் தோட்டத்துல ஒருத்தரும் பாத்ததில்ல. சிரிச்சாருன்னா ஒன் கமரா வெடிச்சிரும். அப்பறம் என்னயக் குத்தஞ் சொல்லாத!"

அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது. கிஷாந்துக்கு ஒரே சந்தோஷம். பனிக்குள் எடுத்தால் முகத்துச் சுருக்கம் தெரியாதாம், காசில்லாத மேக்கப்பாம். நூற்றைம்பது வருடமாக எங்கள் ஆட்களுக்கு இருமலைத் தவிர வேறெதையும் தராத பனி, அன்று எல்லாருக்கும் பத்து வயதைக் குறைத்துக் கொடுத்தது.

மத்தியானம் நானும் ஷாமிலாவும் பஜாருக்குப் போய் கிஷாந்தின் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தோம். எடுத்த படத்தில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். எங்களுக்குப் பின்னால் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் தகரக் கூரையும், கொடியில் காய்கிற என் சாரமும், சோலைமலையின் கோழிகள் மூன்றும் இருந்தன.

"பின்னுக்கு லயம் தெரியுதே" என்றாள் ஷாமிலா.

"மாத்திருவோம் அக்கா. என்ன வேணும்? அருவி இருக்கு, வெளிநாட்டு ரோடு இருக்கு, பங்களா இருக்கு."

ஷாமிலா பங்களாவைப் பிடித்தாள். கல் படிகள், பக்கத்தில் ரோஜாப் பாத்தி, வெள்ளைத் தூண்கள். மூன்று நிமிடத்தில் நாங்கள் லயத்திலிருந்து பங்களாவுக்குக் குடிபோனோம். அமைச்சர்மார் தேர்தலுக்குத் தேர்தல் கட்டித்தருவதாகச் சொன்ன வீட்டைவிட இது வேகம். அடுத்ததாக அவன் எங்கள் நிறத்தில் கை வைத்தான். துரைமார் கப்பலேறிப் போய் இத்தனை வருடம் கழித்து, அவர்கள் விட்டுப்போன தோல் ஒருவழியாக எங்கள் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. என் மீசை கறுத்தது. என் தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்ததை எடுத்து எங்கே வைத்தான் என்று இன்றுவரை தெரியாது.

பிறகு ராக்காயியின் முகத்துக்கு வந்தான்.

"ஆன்ட்டிக்குத் தலையில என்ன, காயமா?"

காயமில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டித்தான் முதுகில் தொங்கும். அந்தக் கயிறு வருடக்கணக்காக அழுத்தியதில், அவள் முன்னுச்சியில் வகிட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் உண்டு. அதில் முடி முளைப்பதில்லை. தோட்டத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு இது இருக்கிறது. கொட்டகலைக்காரன் கேட்கிற கேள்வியா இது? ஆனால் பஜாரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலையில் நடப்பது தெரிவதில்லை.

எனக்கு அந்தக் கொழும்புக்காரர்களின் ஒரே கேள்வி ஞாபகம் வந்தது.

"அழிச்சிருங்க" என்றேன்.

சொன்னது நான்தான். பங்களா, நிறம், மீசை எல்லாம் ஷாமிலாவின் வேலை. இது என் வேலை. இதை இங்கேயே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் பிறகு இதுவும் அவள் தலையில் விழப் பார்த்தது.

தேக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து, படம் வீட்டுக்கு வந்தது. ஜெயகாந்தன் பார்த்துவிட்டு, தான் மெலிந்திருப்பதாகச் சந்தோஷப்பட்டான். தனுஜா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ராக்காயி படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது ஆரு?"

"நீதான்."

"நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லித் திருப்பித் தந்தாள், பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

மறுநாள் ஜெயகாந்தன் ரயிலில் போய் நானுஓயாவில் படத்தைக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஒன்பது நாள் ஒரு பேச்சும் இல்லை. தனுஜா பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினாள். அந்த ஒன்பது நாளில் அவள் போட்ட பிழைக் குறிகளுக்கு அந்தப் பிள்ளைகள் பொறுப்பல்ல. போன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் சிவப்புப் பேனை நின்று, பிறகு முன்னைவிட அழுத்தமாக ஓடியது. பத்தாம் நாள் பையனின் தகப்பன் செல்லசாமி பேசினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொன்னார். குரலில் சம்பந்தம் பேசுகிறவரின் இனிப்பு இல்லை.

காலை ரயிலில் செல்லசாமியும் அவர் மனைவி பேச்சியம்மாவும் வந்தார்கள். பையனுக்கு டியூட்டியாம். செல்லசாமியின் கக்கத்தில், துவாயில் சுற்றித் தட்டையாக ஒன்று இருந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் பூவும் பழமும் கொண்டுவருவார்கள். இவர்கள் கையில் வேறொன்றும் இல்லை. துவாய்க்குள் இருப்பது என்ன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தனுஜாவும் அறைக் கதவில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லசாமி வாசலில் நின்று தகரக் கூரையைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். கோழிகளைப் பார்த்தார்.

"இந்த வீடுதானுங்களா?"

"இதேதான். உள்ள வாங்க."

"படத்துல வேற மாதிரி இருந்துச்சு."

"அது வந்து, வெளிச்சம்" என்றான் ஜெயகாந்தன். இத்தனை வருடம் கொழும்பில் இருந்தும் என் மகன் ஒழுங்காக ஒரு பொய் சொல்லப் பழகவில்லை.

செல்லசாமி உட்கார்ந்து, துவாயைப் பிரித்து, படத்தை மடியில் நிறுத்தி வைத்தார்.

"இந்தப் பங்களாவுக்கு நீங்க எப்ப போனீங்க?"

"ட்ரிப் போனப்ப எடுத்ததுங்க மாமா" என்று ஷாமிலா முந்திக்கொண்டாள். "போன ஏப்ரல்ல."

"ஏப்ரல்லயாம்மா? நல்லது. நானுஓயாவுக்கு மேல, வெள்ளைக்காரங்க வந்து தங்குற பங்களா இது. பதினேழு வருஷமா நான் அங்க தோட்டக்காரன். இந்த ரோஸ் பாத்தி நான் வெட்டுனது. இந்தா, மூணாவது படியில வெடிப்புத் தெரியுதா? சிமெந்து பூசுனது நான். உள்ள வாற ஆளுக எல்லாரையும் கேட்டுல பாத்து விடுறதும் நான்தான். ஒங்க மாமனார் மீசைய ஒருக்காப் பாத்தா மறந்தா போயிருவேன்?"

ஷாமிலாவின் நல்ல பக்கமும் மற்றப் பக்கமும் சேர்ந்து வெளுத்தன. ஜன்னலுக்கு வெளியே ஓர் இருமல் கேட்டது. சோலைமலை.

"அப்ப கணக்கப்புள்ள கேட்டு மேல ஏறிக் குதிச்சிருப்பாருங்க!"

இதற்கு மேல் பொறுப்பது என் பரம்பரைக்கு அழகல்ல. எழுந்து நின்றேன்.

"இங்க பாருங்க செல்லசாமி. நாங்க நின்னது இந்த வாசல்ல. பங்களா பொய். அந்த வெள்ளையும் பொய். மீசைக் கறுப்பும் பொய். ஆளுக மட்டுந்தான் உண்மை."

"அதுக்கில்லீங்க" என்றார் செல்லசாமி, தலையைச் சொறிந்துகொண்டு. "பங்களா பாத்து நான் சிரிச்சிட்டு வுட்டுட்டேன். என் படியில நீங்க நிக்கிறது எனக்குப் பெருமதானே. இவளுக்குத்தான் மனசு கேக்கல."

பேச்சியம்மா நிமிர்ந்தாள்.

"எம்மவன் சொன்னான், டீச்சரோட அம்மா கொழுந்து எடுத்தவங்க, நம்மளப் போலத்தான்னு. அதக் கேட்டுத்தான் நான் சரின்னேன். படம் வந்துச்சு. பாத்தா, முகத்துல ஒரு சுருக்கம் இல்ல, தலையில தடம் இல்ல, ஏதோ தொர வீட்டு அம்மா மாதிரி உக்காந்திருக்காங்க. பொண்ணு மேல உள்ள ஆசையில பெத்தவகிட்டயே பொய் சொல்றான்னு நெனச்சேன். பொய்யில கட்டுற கல்யாணம் வேணாம்னுட்டேன். ஒம்போது நாளா அவன் என் கையால சோறு திங்கல."

தாய் கொழுந்து எடுத்தவள் என்று அந்தப் பையனுக்கு யார் சொன்னது? நான் தனுஜாவைப் பார்த்தேன். அவள் கூரைத் தகரங்களை எண்ணத் தொடங்கினாள். அது பிறகு விசாரிக்க வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவைத்தேன். இன்னும் விசாரிக்கவில்லை.

"படத்தத் திருப்பிக் கொடுத்துட்டு, நேர்ல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறதுதான் மரியாத" என்று பேச்சியம்மா எழுந்தாள். "மனசுல வச்சுக்கிறாதீங்க."

தனுஜா எண்ணுவதை நிறுத்தினாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்று வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் ராக்காயி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். தடம் தெரியாமல் இருக்க, ஷாமிலா காலையிலேயே அவள் தலையை முந்தானையால் மூடி, இரண்டு ஊசி குத்திவிட்டிருந்தாள். ராக்காயி தட்டை வைத்தாள். நின்ற பேச்சியம்மாவைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"என்னா வேர்வ" என்று சொல்லிக்கொண்டே ஊசிகளைப் பிடுங்கி, முந்தானையை இறக்கிவிட்டாள்.

கொட்டகலைக் குளிரில், நவம்பர் மாதத்தில்.

பேச்சியம்மா ஓரடி முன்னால் வந்தாள். "கிட்ட வாங்கக்கா." ராக்காயி தலையைக் குனிந்தாள். பேச்சியம்மா அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"எத்தன வருஷம்?"

"முப்பத்தெட்டு. விட்டு ஆறு வருஷமாச்சு, முடி இன்னும் வரமாட்டேங்குது."

"எனக்கு இருவத்தொம்பது" என்று பேச்சியம்மாவும் முந்தானையை விலக்கிக் குனிந்தாள். "நீங்க கயித்துக்கு அடியில துணி மடிச்சு வைக்கிறதில்லயா?"

"வச்சேன். மழையில நனைஞ்சா துணியும் சேந்துதான் அறுக்கும்."

"ஆமா. அதச் சொல்லுங்க."

வீட்டின் நடுவில் இரண்டு பெண்கள், ஒருத்தி தலையில் மற்றவள் விரலை வைத்துக்கொண்டு, காலிங்பெல் சரிபார்க்க வந்தவர்கள்போல நின்றார்கள். அரைமணி நேரமாக ஆண்கள் பேசியும் நகராத ஒன்று அந்த இடத்தில் நகர்ந்தது.

"அப்ப படத்துல எங்க போச்சு இது?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

எல்லாரும் ஷாமிலாவைப் பார்த்தார்கள். மற்றப் பொய்கள் அவளுடையவை, இதுவும் அவளுடையதாகத்தான் இருக்கும். அவள் வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவளைப் பற்றி இதுவரை எழுதியதோடு இதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

"அழிக்கச் சொன்னது நான்" என்றேன்.

"ஏங்க?" என்றாள் பேச்சியம்மா.

"முன்ன வந்த எடம், அதப் பாத்துட்டுத்தான் போச்சு."

"இப்ப வந்த எடம், அதக் காணாமத்தான் போகப் பாத்துச்சு" என்றாள் ராக்காயி. குரலை உயர்த்தவில்லை. "ஏங்க, பெரட்டுல நின்னுக்கிட்டு 'ராக்காயி, பத்தாம் நம்பர் மல'ன்னு முப்பத்தோரு வருஷம் கூப்புட்டீங்க. கூடய மாட்டுன்னு அனுப்புனப்பல்லாம் இந்தத் தல ஒங்களுக்கு நல்லாத் தெரிஞ்சுச்சே. படத்துல மட்டும் தெரியக் கூடாதோ?"

துரைமாருக்கும் யூனியன்காரர்களுக்கும் நின்ற இடத்தில் பதில் சொன்னவன் நான். அன்று தேத்தண்ணி ஆறிப்போகிறது என்று மட்டும் சொன்னேன்.

முதலில் சிரித்தது பேச்சியம்மா. "கணக்கப்புள்ளைக்கு வாயடைச்சிருச்சு" என்று செல்லசாமியும் சேர்ந்துகொண்டார். ஜன்னலுக்கு வெளியே சோலைமலை சிரித்த சிரிப்பு பள்ளத்து லயம் வரை கேட்டிருக்கும்.

"உக்காருங்க மதினி, தையில வச்சிருவோமா?" என்றாள் பேச்சியம்மா. இன்னும் தட்டு மாற்றவில்லை, நாள் பார்க்கவில்லை, அதற்குள் மதினி. ஒழுங்கு முறை தெரிந்தவர்கள் செய்கிற காரியமா? ஆனாலும் நான் திருத்தவில்லை. செல்லசாமி பூவும் பழமும் கொண்டுவரவில்லையே என்று நெளிந்தார். ராக்காயி சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்து அவர் கையில் கொடுத்து, திரும்ப அவர் கையாலேயே வாங்கிக்கொண்டாள். சாமிக்கு அன்று பழமில்லை.

புறப்படும்போது பேச்சியம்மா, மகனுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்றாள். "உள்ளபடி இருக்கட்டும்." தனுஜாவின் போனைச் சோலைமலை வாங்கிக்கொண்டார். எல்லாரும் வாசலில் நின்றோம். குடை இல்லை, பனி இல்லை. யாரும் சாயவில்லை. ஒளிந்துகொள்ள நாற்காலி கிடைக்காததால் ஜெயகாந்தனின் வயிறு முழுசாக வெளியே வந்தது. இரண்டு சம்பந்திகளும் முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார்கள். பின்னால் என் சாரம் காய்ந்தது. தனுஜா பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் என்று யாரும் சொல்ல முடியாது. இடது மூலையில் சோலைமலையின் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. அவர் இல்லாமல் எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை என்பதால் அதையும் வெட்டச் சொல்லவில்லை.

தைப்பொங்கல் முடிந்த மூன்றாம் வாரம் கொட்டகலைக் கோவிலில் கல்யாணம்.

இனி வதந்திக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டார் திருப்பிக் கொடுத்த பங்களாப் படத்தை நான் வெட்கம் தாங்காமல் அன்றே அடுப்பில் வைத்து எரித்தேன் என்று கீழ் லயம்வரை ஒரு பேச்சு நடக்கிறது. யார் கிளப்பியது என்று கேட்கத் தேவையில்லை. நான் எரிக்கவில்லை. அது எங்கள் சுவரில், அதே தேக்குச் சட்டத்துக்குள், புதிய படத்துக்குப் பின்னால் இருக்கிறது. புதிய படம் மெல்லிய தாள். பின்னால் அட்டையாக அது இல்லாமல் ஆடியது.